பீப் விழாத வார்த்தைகள்

கேபிள் டிவியில் எந்த வார்த்தைக்கு பீப் போடுகிறார்கள், எந்த வார்த்தையைப் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள் என்பதைப் பத்து நாள் உட்கார்ந்து கவனித்தால் போதும். இந்தச் சமூகம் யாருடைய மானத்தை மானம் என்று ஒத்துக்கொள்கிறது, யாருடையதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை என்பது விளங்கிவிடும். அதற்கு முதுகலைப் பட்டம் தேவையில்லை. ரிமோட்டும் ஒரு நோட்டும் இருந்தால் போதும்.

நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வட மாவட்டம் ஒன்றில் இரவுப் பாடசாலை நடத்துகிறோம். பிள்ளைகள் ஆறரை மணிக்கு வருவார்கள். அதற்கு முன் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். அம்மாக்கள் நூறு நாள் வேலையிலிருந்தோ கரும்பு வெட்டிவிட்டோ திரும்பும்வரை பிள்ளைகளுக்குக் காவல் அந்தப் பெட்டிதான். நகைச்சுவைக் காட்சிகளை மட்டும் நாள் முழுக்க ஒளிபரப்பும் சேனல்கள், ஊருக்குள் கேபிள்காரர் தானே நடத்தும் லோக்கல் சேனல், சாயங்கால சீரியல் இவைதான் அவர்கள் பார்ப்பது. பள்ளிக்கூடம் ஒரு தமிழைச் சொல்லிக்கொடுக்கிறது என்றால் இந்தப் பெட்டி இன்னொரு தமிழைச் சொல்லிக்கொடுக்கிறது. இரண்டாவதை அவர்கள் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, தானாகவே ஏறிவிடுகிறது.

ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று தெரிந்து அவள் வீட்டுக்குப் போனோம். காய்ச்சல் என்றாள் அம்மா. பிள்ளை முகத்தைப் பார்த்தால் காய்ச்சலாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். வகுப்பில் ஒரு பையன் ஒரு சினிமா காமெடி வசனத்தை அவளைப் பார்த்துச் சொல்கிறான். வசனத்தின் கடைசியில் அவளுடைய சாதிப் பெயர் ஒரு வசவாக வருகிறது. அவன் சொன்னவுடன் வகுப்பே சிரிக்கிறது. இவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்தாலும் சொல்கிறான், கரும்பலகைக்குப் போனாலும் சொல்கிறான்.

“நீ டீச்சர்கிட்ட சொல்லலியாம்மா?”

“சொன்னேன்க்கா. ‘டிவியில வர்றதுதானே, அதுக்குப் போய் அழுவியா’ன்னாங்க.”

அந்த வசனத்தை இங்கே எழுதப்போவதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு அது தெரியும், மீதிப் பேர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை. ஆனால் அந்த ஆசிரியர் சொன்ன பதிலை விட்டுவிட முடியாது. ‘டிவியில வர்றதுதானே’ என்பது ஒரு சான்றிதழ். டிவியில் வருகிறது என்றால் யாரோ பெரியவர்கள் பார்த்துச் சரி என்று சொல்லித்தான் வந்திருக்கும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணமும் உண்டு. அதே டிவியில் மற்ற வார்த்தைகளுக்கு பீப் விழுவதை அந்த ஆசிரியரும் பையனும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கெட்ட வார்த்தை என்றால் பீப் விழும், விழவில்லை என்றால் அது கெட்ட வார்த்தை இல்லை. பன்னிரண்டு வயதுப் பையன் போட்ட கணக்கு இது. கணக்கில் தப்பே இல்லை.

அவன்மேல் வழக்குப் போடுவதா என்று அவள் அப்பா கேட்டார். நாங்களும் யோசித்தோம். பையனுக்குப் பன்னிரண்டு வயது. தலைமையாசிரியரிடம் பேசி, இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்து, வகுப்பில் எல்லாப் பிள்ளைகளோடும் ஒரு மணிநேரம் பேசினோம். பிள்ளை மறுபடி போக ஆரம்பித்தாள். ஆனால் அவனுக்கு அந்த வசனத்தைக் கற்றுக்கொடுத்த வாத்தியார் அடுத்த நாளும் அதே நேரத்துக்கு அதே வசனத்தை ஒளிபரப்பிக்கொண்டிருந்தார். அங்கிருந்துதான் எங்கள் நோட்டுக் கணக்கு தொடங்கியது.

பாடசாலையின் பெரிய பிள்ளைகள் ஒரு நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டார்கள். பீப் போட்ட வார்த்தை, பீப் போடாமல் விட்ட வார்த்தை, யார் யாரைப் பார்த்துச் சொன்னது. முதல் பத்தியில் வந்தவை ஏறக்குறைய எல்லாமே பெண்ணுடலையும் தாயையும் குறித்த வசவுகள். வட சென்னைக் கதையோடு வந்த படங்களில் பீப் சத்தம்தான் பின்னணி இசை மாதிரி கேட்டது. இரண்டாவது பத்தியில் வந்தவை சாதிப் பெயர்கள், சாதித் தொழில்கள், கறுப்பு நிறம், ஊனம், திருநங்கைகள்மீதான கேலி. மூன்றாவது பத்தியைத்தான் பிள்ளைகள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பீப் போட்ட வார்த்தையைப் பெரும்பாலும் சமமானவர்கள் சண்டையில் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொள்கிறார்கள். பீப் போடாத வார்த்தை மேலே இருந்து கீழேதான் வருகிறது. பண்ணையார் கூலியாளைச் சொல்கிறார், ஹீரோ கூட வரும் காமெடியனைச் சொல்கிறார், மாமியார் வேலைக்காரியைச் சொல்கிறார். திருப்பிச் சொல்ல யாருக்கும் வாய் இல்லை.

முதல் பத்தி வார்த்தைகளுக்கு பீப் போடுவது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. தாயைச் சொல்லித் திட்டுவது பெண்ணை ஆணுடைய சொத்தாக வைத்து ஆணை அவமானப்படுத்தும் வேலை. அதுவும் அதிகாரத்தின் மொழிதான். எங்கள் கேள்வி வேறு. ஒன்று காதில் விழுந்தால் குடும்பமே கூசுகிறது, இன்னொன்று விழுந்தால் குடும்பமே சிரிக்கிறது. இந்த வித்தியாசத்தை எங்கிருந்து கற்றோம்?

மேரி டக்ளஸ் என்ற மானுடவியலாளர் 1966இல் எழுதிய ‘தூய்மையும் ஆபத்தும்’ சமூகவியல் வகுப்பில் எல்லோருக்கும் பாடம். அழுக்கு என்று தனியாக ஒரு பொருள் இல்லை, இருக்கவேண்டிய இடத்தில் இல்லாத பொருளைத்தான் அழுக்கு என்கிறோம் என்பது அதன் மையமான வாதம். வார்த்தைக்கும் இது பொருந்தும். பாலியல் வசவு நடுக்கூடத்துக்கு வந்தால் அது இடம் மாறி வந்த வார்த்தை, துடைத்துவிட வேண்டும். சாதி வசவு நடுக்கூடத்தில் கேட்டால் யாருக்கும் உறுத்தவில்லை. ஏனென்றால் அது எப்போதும் அங்கேதான் இருந்தது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ‘சென்சார்’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு வேறு ஏற்பாடுகள். சினிமாவுக்கு 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டமும் மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியமும் இருக்கின்றன. சீரியல், ரியாலிட்டி ஷோ, செய்தி, விவாதம் எதற்கும் முன்கூட்டிய தணிக்கை கிடையாது. அவற்றுக்கு 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒழுங்குமுறைச் சட்டமும், 1994ஆம் ஆண்டு விதிகளில் உள்ள நிகழ்ச்சி விதித்தொகுப்பும்தான் வேலி. அதாவது சீரியலில் பீப் போடுவது சேனலின் எடிட்டிங் அறையில் உட்கார்ந்திருப்பவர். எந்த வார்த்தை சேனலைச் சிக்கலில் மாட்டிவிடும், எதை விட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவருக்குப் பழக்கத்தில் தெரியும். பீப் என்பது அந்தப் பழக்கத்தின் சத்தம்.

மும்பை உயர் நீதிமன்றத்தில் பிரதிபா நைத்தானி என்ற ஆசிரியை தொடுத்த வழக்கில் 2006இல் வந்த உத்தரவுக்குப் பிறகு, ‘ஏ’ சான்றிதழ் படங்களை அப்படியே கேபிளில் போடுவது நின்றது. வெட்டி, ஒலியை அடக்கி, மறுபடி சான்றிதழ் வாங்கித்தான் போடவேண்டும் என்றானது. ‘வட சென்னை’ போன்ற ‘ஏ’ படங்கள் டிவியில் வரும்போது கந்தலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். ஆனால் நாங்கள் சொல்லும் நகைச்சுவைக் காட்சிகளில் பெரும்பாலானவை ‘யு’ சான்றிதழ் பெற்ற படங்களில் வருபவை. குடும்பத்தோடு, குழந்தை குட்டிகளோடு பார்க்கலாம் என்று அரசு முத்திரை குத்திக் கொடுத்தவை. அவற்றுக்கு எந்த மறுபரிசீலனையும் இல்லை.

முன்பு சட்டத்தில் ஒரு சான்றிதழுக்குப் பத்து ஆண்டு ஆயுள் என்று எழுதியிருந்தது. நடைமுறையில் அதை யாரும் பார்க்கவில்லை என்றாலும் எழுத்தில் இருந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. இனிச் சான்றிதழ் நிரந்தரம். வன்கொடுமை தடுப்புச் சட்டம் வந்ததே 1989இல்தான். அதற்கு முன்னால், அப்படியொரு குற்றம் சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு முன்னால், ‘யு’ வாங்கிய படத்தின் வசவும் இன்றைக்கு நிரந்தரச் சான்றிதழோடு நம் வீட்டுக்குள் வருகிறது. தெருவில் ஒருவர் சொன்னால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து ஆண்டுவரை தண்டனை கிடைக்கக்கூடிய வார்த்தை, டிவியில் வந்தால் அனைவரும் பார்க்கத் தகுந்தது.

விதித்தொகுப்பைப் படித்தபோது கண்ணில் பட்ட இன்னொன்று. 6ஆம் விதி நிகழ்ச்சிகளுக்கு, 7ஆம் விதி விளம்பரங்களுக்கு. விளம்பர விதியில் இனம், நிறம், சமய நம்பிக்கை, தேசியம் ஆகியவற்றோடு சாதியையும் இழிவுபடுத்தக் கூடாது என்று நேராகவே எழுதியிருக்கிறது. நிகழ்ச்சி விதியில் மதங்கள், சமூகங்கள், இனக்குழு, மொழி, வட்டாரம் எல்லாம் வருகின்றன. நட்பு நாடுகளை விமர்சிக்கக் கூடாது என்றுகூட இருக்கிறது. செய்யக் கூடாதவை என்று வரிசையாக அடுக்கிய அந்தப் பட்டியலில் சாதி என்ற சொல் இல்லை. சோப்பு விளம்பரம் சாதியைக் கேலி செய்யக் கூடாது, இரண்டு சோப்பு விளம்பரத்துக்கு நடுவே வரும் காமெடி செய்யலாம் என்று ஒருவர் வாதாட இடம் இருக்கிறது. ‘சமூகங்கள்’ என்பதில் சாதியும் அடங்கும் என்று நாம் வாதாடித்தான் ஆகவேண்டும். எழுதாமல் விட்டதை வாதாடிப் பெறுவது நமக்குப் புதிதா என்ன?

இந்தக் குழப்பம் டிவி நிலையத்தில் மட்டும் இல்லை, காவல் நிலையத்திலும் இருக்கிறது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள் என்று புகார் கொடுக்கப் போனவர்களுக்குத் தெரியும். முதல் தகவல் அறிக்கையில் ‘ஆபாசமாகத் திட்டி’ என்று எழுதி, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) போடுவார்கள். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. பொது இடத்தில் ஆபாச வார்த்தை பேசியதற்கான பிரிவு அது. தண்டனை அதிகபட்சம் மூன்று மாதம். வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளைப் போடவைக்க நாம் எஸ்.பி. அலுவலகம்வரை நடக்கவேண்டும். இழிவை ஆபாசமாக மாற்றி எழுதிவிட்டால் இழிவுபட்ட ஆள் காணாமல் போய்விடுகிறார். ஆபாசத்தில் கூச்சப்படுவது காதில் கேட்ட மற்றவர்கள். இழிவில் அடிபடுவது ஒரு குறிப்பிட்ட மனிதர், அவருடைய தெரு, அவருடைய சனம். டிவியின் பீப்பும் 294(பி)யும் அண்ணன் தம்பிகள். இரண்டும் கேட்டவனின் கூச்சத்தை மட்டுமே பாதுகாக்கின்றன.

இதற்கு நீதிமன்றம் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியது. ஒருகாலத்தில் சாதியைக் குறிக்கும் பெயராக மட்டும் இருந்திருக்கலாம், இன்றைக்கு இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அந்தப் பெயரைச் சொன்னால் குற்றம்தான் என்பது தீர்ப்பின் சாரம். மாட்டுக்கறியைச் சேர்த்துத் திட்டியதும் அந்த வழக்கில் வருகிறது. இதற்கும் டிவியில் ஒரு வேடிக்கையான உறவினர் உண்டு. ஆங்கிலப் பட சேனல்களின் சப்டைட்டிலில் பீஃப் என்ற சொல்லையே மறைத்ததைப் பலரும் பார்த்துச் சிரித்திருக்கிறோம். பீஃபுக்கு பீப். ஆனால் அதே கேபிள் இணைப்பில் ஆங்கிலச் செய்தி வாசிப்பவர், உலக நாடுகள் ஒதுக்கிவைத்த ஒரு நாட்டைப் பற்றிப் பேசும்போது ‘பரையா’ நாடு என்பார். பறையர் என்ற பெயரிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொல் அது. எங்கள் உணவு கேட்கக் கூடாதது, எங்கள் பெயர் வசவாகக் கேட்கத் தக்கது.

எந்த வார்த்தை கெட்ட வார்த்தை என்பதில் நம் பொதுப்புத்தி எவ்வளவு உறுதியானது என்று இரண்டு சொற்களை வைத்துப் பார்க்கலாம். முதல் சொல் கஸ்மாலம். சினிமாவில் ரிக்‌ஷாக்காரரோ மீன்காரம்மாவோ இதைச் சொன்னால் ‘சேரி பாஷை’ என்று முகம் சுளிப்பார்கள். அது சமஸ்கிருதச் சொல். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அர்ச்சுனனைப் பார்த்துக் கிருஷ்ணன் பேசத் தொடங்கும் இடத்திலேயே வருகிறது. பேமானி உருது வழியாக வந்தது, நேர்மை இல்லாதவன் என்று பொருள். இவை இரண்டும் எங்கள் தெருவில் விளைந்தவை அல்ல. பழி மட்டும் எங்கள் தெருவுக்கு.

இரண்டாவது சொல் சண்டாளன். சீரியலில் எத்தனை மாமியார்கள், எத்தனை மருமகள்கள் நாள்தோறும் ‘சண்டாளி’ என்று கண்ணீரோடு அழைக்கிறார்கள்! தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையில் அந்தப் பெயர் இருக்கிறது என்பது பேசுகிறவர்களுக்குத் தெரியாது, எழுதுகிறவர்களுக்கும் தெரியாது. 2024 ஜூலையில் ஓர் அரசியல் மேடைப் பாட்டைச் சுற்றிச் சர்ச்சை எழுந்தபோது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இந்தச் சொல்லை வசவாகப் பயன்படுத்துவது குற்றம் என்று நினைவூட்டியது. அதற்குப் பிறகும் சீரியல்களில் அதே கண்ணீர், அதே சொல். பீப் இல்லை.

2023 நவம்பரில் ‘சேரி மொழி’ என்று ஒரு நடிகை-அரசியல்வாதி சமூக ஊடகத்தில் எழுதியது நினைவிருக்கும். கெட்ட வார்த்தை பேசுவதற்கு இன்னொரு பெயர் சேரி மொழி என்ற பொதுப்புத்திதான் அதில் வெளிப்பட்டது. எதிர்ப்பு வந்ததும் பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்புக்குரியது என்று பொருள் என்றார்கள். பிரெஞ்சு அகராதியைத் திறந்தவர்களுக்குத் தமிழ் அகராதியைத் திறக்கத் தோன்றவில்லை. சேர்ந்து வாழும் இடம் சேரி.

அப்படியானால் சாதிப் பெயர் வரும் இடத்திலெல்லாம் பீப் போட்டுவிடலாமா? தோழர்களே, இந்தக் கேள்வியில்தான் கவனம் வேண்டும். தணிக்கைக்காரர்களுக்கு அது ரொம்பவும் பிடித்த வழி. ஜோதிராவ், சாவித்ரிபாய் பூலேவின் வாழ்க்கையைச் சொல்லும் ‘பூலே’ படம் 2025 ஏப்ரலில் வந்தது. மகர், மாங், பேஷ்வா ஆட்சி, மனுவின் சாதி முறை போன்ற குறிப்புகளை நீக்கவோ மாற்றவோ சான்றிதழ் வாரியம் சொன்னது. ஏப்ரல் 11, பூலேவின் பிறந்தநாளில் வரவேண்டிய படம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. ‘பரியேறும் பெருமாள்’ இந்தியில் ‘தடக் 2’ ஆனபோதும் சாதி குறித்த வசனங்களில் கைவைத்தார்கள். சாதி இருக்கிறது என்று சொல்லும் படத்தில் சாதிப் பெயர் ஆபத்து. சாதியை வைத்துச் சிரிக்கும் படத்தில் அதே பெயர் பொழுதுபோக்கு. தணிக்கையில் ஒழுங்கில்லை என்று பலரும் சொல்வார்கள். எங்களுக்குத் தெரிந்தவரை அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது: அடித்தவன் பேசலாம், அடிபட்டவன் அடித்தவன் பெயரைச் சொல்லக் கூடாது.

பெயரில் அழுக்கில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய பத்திரிகைக்கு வைத்த பெயர் ‘பறையன்’. எந்தப் பெயரைச் சொல்லி ஊர் அவமானப்படுத்தியதோ அதையே தலைப்பில் அச்சடித்து விற்றார். அதற்கு இன்றைக்கு ஓர் எடிட்டர் பீப் போட்டால் அது அவருக்குச் செய்யும் அவமரியாதை. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் சொல் போன இடத்தில் சுடுகாட்டுப் பாதையும் குடிநீர்த் தொட்டியும் பட்டாவும் வரவேண்டும். சொல்லை மட்டும் எடுப்பது சுவருக்கு வெள்ளையடிப்பது.

எங்கள் புகாருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்த வசனத்தை ஒளிபரப்பிய சேனலுக்குத் தேதி, நேரம், படத்தின் பெயர் போட்டு எழுதினோம். படம் முறையாக ‘யு’ சான்றிதழ் பெற்றது, எனவே ஒளிபரப்பில் விதிமீறல் இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினோம். இந்த முறை நிகழ்ச்சி விதித்தொகுப்பையும், குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாததைப் போடக் கூடாது என்ற உட்பிரிவையும், வன்கொடுமை தடுப்புச் சட்டத்தையும், ஆறுமுகம் சேர்வை தீர்ப்பையும் இணைத்தோம். பதில் வரவில்லை. சில வாரம் கழித்துப் பாடசாலைப் பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள், “அக்கா, கட் பண்ணிட்டாங்க!”

போய்ப் பார்த்தோம். அந்த ஒரு வார்த்தையின் ஒலியை மட்டும் அடக்கியிருந்தார்கள். வாய் அசைந்தது. பின்னால் வரும் சிரிப்புச் சத்தம் அப்படியே இருந்தது. வார்த்தையை எடுத்துவிட்டுச் சிரிப்பை வைத்திருந்தார்கள்.

பிள்ளைகள் அதை வெற்றி என்று கொண்டாடினார்கள். வெற்றிதான், நாங்கள் மறுக்கவில்லை. ஒரு கிராமத்து இரவுப் பாடசாலையிலிருந்து போன இரண்டு கடிதம் ஒரு சேனலின் எடிட்டிங் அறையில் ஒரு பொத்தானை அழுத்தவைத்தது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நாம் கேட்பது மௌனம் அல்ல. சிகரெட் காட்சி வந்தால் திரையின் அடியில் எச்சரிக்கை வாசகம் போடவேண்டும் என்று 2012இல் இருந்து விதி இருக்கிறது. ஹீரோ பற்றவைத்த கணமே எழுத்து வருகிறது. புகையிலை உடம்பைக் கெடுக்கும் என்று ஒரு வரி போடமுடிந்த திரையில், சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது தண்டனைக்குரிய குற்றம் என்று ஒரு வரி போட இடமில்லையா? தமிழ்நாட்டுப் பாடநூலைத் திறந்தால் தொடக்கத்திலேயே தீண்டாமையைக் கண்டிக்கும் வாசகம் இருக்கிறது. அந்த வாசகத்தைப் படித்துவிட்டு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு டிவியும் அதையே சொல்லவேண்டும் என்பது பெரிய கோரிக்கை இல்லை. பழைய படத்தை அழிக்கச் சொல்லவில்லை. அது எந்தக் காலத்தின் சிரிப்பு, யாரை வைத்துச் சிரித்தது என்று பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டும் என்கிறோம். எடிட்டிங் அறையிலும் சான்றிதழ் வாரியத்திலும் புகார்க் குழுக்களிலும் எங்கள் ஆட்கள் உட்கார வேண்டும் என்கிறோம். காதில் விழுந்தவுடன் சுருக்கென்று தைக்கிற காது இருந்தால்தான் எந்த வார்த்தை எங்கே குத்துகிறது என்று தெரியும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு நடைமுறையாகச் சில வார்த்தைகள். 2021இல் திருத்திய விதிகளின்படி கேபிள் டிவி புகாருக்கு மூன்று படி உண்டு. முதலில் சேனல். புகார் கிடைத்ததற்கு 24 மணிநேரத்தில் ஒப்புகை தரவேண்டும், 15 நாளில் முடிவைச் சொல்லவேண்டும். திருப்தி இல்லை என்றால் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேல் மத்திய அரசின் குழு. லோக்கல் சேனலில் சாதிப் பெருமைப் பாட்டும் சவால் வசனமும் ஓடினால் வேறொரு கதவும் இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு மதம், இனம், மொழி, சாதி அடிப்படையில் பகை வளர்க்கும் நிகழ்ச்சியைத் தடுக்க அதிகாரம் தருகிறது. இங்கே சாதி என்ற சொல் தெளிவாகவே இருக்கிறது. அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், மாநகரமானால் காவல் ஆணையர் கையில் இருக்கிறது. குருபூசை நாட்களில் நம் பக்கத்து லோக்கல் சேனல்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவின் மதிப்பு தெரியும். திங்கட்கிழமை மனுநீதி நாளில் சுடுகாட்டுப் பாதைக்கு மனு கொடுக்கும் கையால் இதற்கும் ஒரு மனு கொடுங்கள்.

எழுதும்போது ‘ஆபாசம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் உங்களை 294(பி) பக்கம் இழுத்துப்போவார்கள். ‘சாதி இழிவு’ என்று எழுதுங்கள். யார் சொன்னார், யாரைச் சொன்னார், காட்சியில் யார் சிரித்தார்கள் என்பதை எழுதுங்கள். அதே சொல்லைத் தன் சனத்தின் வலியைச் சொல்ல ஒரு கலைஞர் பயன்படுத்தியிருந்தால் அதற்கு எதிராக எழுதாதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள். நாளைக்கு அவருடைய படத்தை வெட்டவந்தால் உங்கள் கடிதத்தைத்தான் அவர்கள் சாட்சியாகக் காட்டுவார்கள்.

கடைசியாக ஒன்று. ஒளிபரப்பியதன் பதிவைச் சேனல்கள் 90 நாள் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு, அப்படி எதுவும் ஒளிபரப்பவில்லை என்று அவர்கள் சொன்னால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் கோபம் வந்த அன்றைக்கே தேதியையும் நேரத்தையும் சேனல் பெயரையும் எழுதிவையுங்கள். நம் தாத்தா பாட்டிகள் இதே வார்த்தைகளைக் கேட்டுத் தலைகுனிந்து போனதற்கு எந்த நோட்டிலும் கணக்கு இல்லை. நம் காலத்துக்காவது இருக்கட்டும்.